மேசைக் கணினியில் கிளவுட் கணக்கு திறக்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கிளவுட் கணக்குக்குள் நுழைய முடியாமல் போனதும் பெரும்பாலோர் உடனே செய்வது இரண்டு காரியங்கள்: கடவுச்சொல்லை மாற்றுவது, மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. இரண்டுமே கடைசியில் செய்ய வேண்டியவை. கோளாறு கணினியில் இருக்கும்போது சரியாக இருந்த கடவுச்சொல்லை மாற்றினால், அதுவரை ஒழுங்காக இயங்கிவந்த கைபேசியும் மடிக்கணினியும் புதிய கடவுச்சொல்லைக் கேட்கத் தொடங்கி, ஓரிடத்துச் சிக்கல் மூன்றிடத்துச் சிக்கலாகிவிடும். மென்பொருளை நீக்கினாலோ, கணினியிலிருந்து இணையத்துக்கு மேலேறக் காத்திருந்த கோப்புகள் எந்த நிலையில் இருந்தன என்பதே தெரியாமல் போகும். எனவே, என்ன அறிகுறி தெரிகிறது என்பதைப் பார்த்து, கோளாறு கணக்கில் உள்ளதா, இணைய இணைப்பில் உள்ளதா, இந்த ஒரு கணினியில் மட்டும் உள்ளதா என்று பிரித்தறிந்த பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றில் இயங்கும் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்படுகிறது. மற்ற கிளவுட் சேவைகளில் பொத்தான்களின் பெயர்கள் மாறுமே தவிர, காரணங்கள் பெரிதும் இவையேதான்.

கை வைக்கும் முன் செய்ய வேண்டியது

ஒன்டிரைவ் கோப்புறையைத் திறந்து, ஒவ்வொரு கோப்பின் அருகிலும் உள்ள குறியைப் பாருங்கள். பச்சை டிக் இருந்தால் கோப்பு கணினியிலேயே இருக்கிறது. நீல மேகம் இருந்தால் அது இணையத்தில் மட்டும் இருக்கிறது. கணினியில் தெரிவது அதன் பெயர் மட்டுமே. சுழலும் இரண்டு அம்புகள் இருந்தால் அது இன்னும் மேலேறி முடியவில்லை. இந்த மூன்றாம் வகைக் கோப்புகளை மட்டும் வேறொரு டிரைவுக்கோ பென்டிரைவுக்கோ நகலெடுத்து வைத்துக்கொண்டால், அதன் பிறகு கணக்கைப் பிரித்தாலும் இணைத்தாலும் அச்சப்பட ஒன்றுமில்லை.

கூகுள் டிரைவில் கூடுதல் கவனம் தேவை. கோப்புகளைக் கணினியில் முழுதாக வைக்காமல் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் முறையில் அது இயங்கினால், நீங்கள் கடைசியாகத் திருத்திய கோப்புகள், மேலேறும் வரையில், அந்தச் செயலியின் கேஷ் எனப்படும் இடைச்சேமிப்புக் கோப்புறையில் மட்டுமே இருக்கும். “கேஷை அழித்தால் சரியாகிவிடும்” என்று யாரேனும் சொன்னால், மேலேறாத வேலையும் அதனுடன் அழியக்கூடும் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோளாறு எந்தப் பக்கம்?

அதே கணினியில் உலாவியின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, சேவையின் இணையதளத்துக்கு நேரடியாகச் சென்று உள்நுழைந்து பாருங்கள். மறைநிலைச் சாளரத்தில் பழைய குக்கிகள் குறுக்கே வராது. நீட்டிப்புகளும் பொதுவாக இயங்கா. அங்கே உள்நுழைய முடிந்தால், கணக்கும் கடவுச்சொல்லும் இணைப்பும் நன்றாக இருக்கின்றன. செயலியோ, வழக்கமான உலாவியில் தேங்கியுள்ள பழைய தகவலோதான் காரணம். அங்கேயும் முடியவில்லை என்றால், கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே இணையதளத்தைத் திறந்து பாருங்கள். கைபேசியிலும் அதே மறுப்பு வந்தால் சிக்கல் கணக்கில்தான் இருக்கிறது. கணினியை நோண்டிப் பயனில்லை.

கைபேசியில் திறந்து கணினியில் திறக்காவிட்டால், மீதி இருப்பவை கணினியும் அதன் இணைய இணைப்பும் மட்டுமே. இவ்விரண்டையும் பிரிக்க எளிய வழி, கைபேசியை யூஎஸ்பி வயரால் கணினியுடன் இணைத்து, கைபேசியின் அமைப்புகளில், அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குவது. வைஃபை வசதி இல்லாத மேசைக் கணினிகளிலும் இது வேலை செய்யும். அப்படி இணைத்ததும் கணக்கு திறந்துவிட்டால், வீட்டு ரவுட்டரோ அலுவலக வலையமைப்போதான் தடுக்கிறது. அப்போதும் திறக்காவிட்டால் தவறு கணினிக்குள்ளேயே இருக்கிறது. சேவை நிறுவனத்தின் பக்கமே கோளாறு ஏற்பட்டிருக்கும் நாட்களும் உண்டு. கூகுளும் மைக்ரோசாஃப்டும் தம் சேவைகளின் நிலையைத் தனிப் பக்கத்தில் வெளியிடுவதால், அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அறிகுறி: “கடவுச்சொல் தவறு” என்று வருகிறது

மைக்ரோசாஃப்ட் கணக்கில் இந்தச் செய்தி வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம், பின் எண்ணைக் கடவுச்சொல் என்று கருதித் தட்டுவதுதான். கணினியைத் திறக்க நாள்தோறும் அடிக்கும் பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. அது இணையம் வழியாக எங்கும் செல்வதில்லை. வேறொரு கணினியில் அதற்கு மதிப்பும் இல்லை. ஆண்டுக்கணக்கில் பின் எண்ணையே பயன்படுத்தி வந்தவர்கள் உண்மையான கடவுச்சொல்லை மறந்திருப்பது இயல்பு. ஒன்டிரைவ் கேட்பது பின் எண்ணையா கடவுச்சொல்லையா என்பதைத் திரையில் படித்த பிறகு தட்டுங்கள்.

அடுத்து விசைப்பலகை. தமிழில் தட்டச்சு செய்பவர்களின் கணினிகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: தமிழ்99 அல்லது ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போது கடவுச்சொல்லைத் தட்டினால், ஆங்கில எழுத்துக்குப் பதில் தமிழ் எழுத்து விழ வாய்ப்புண்டு, திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் அது கண்ணுக்குப் படாது. விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற தனி மென்பொருள்கள் இருந்தால் அவற்றையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். கேப்ஸ் லாக் இயங்குகிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். எண் விசைகளுக்கான நம் லாக்கை (Num Lock) யாரும் நினைப்பதில்லை. அது அணைந்திருந்தால் வலப்பக்க எண் விசைகள் எண்களைத் தட்டாமல் கர்சரை நகர்த்தும். பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் குறியைச் சொடுக்கி, உண்மையில் எந்த எழுத்துகள் விழுந்துள்ளன என்று பார்த்துவிட்டால் இந்த ஐயங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தீர்ந்துவிடும்.

உலாவி தானாக நிரப்பும் கடவுச்சொல்லையும் நம்ப வேண்டாம். கைபேசியில் கடவுச்சொல்லை மாற்றியிருப்பீர்கள். கணினியில் உள்ள உலாவியோ பழையதையே நிரப்பிக்கொண்டிருக்கும். சேமித்ததை நீக்கிவிட்டுக் கையால் தட்டிப் பாருங்கள். ஒரே தவறான சொல்லைத் திரும்பத் திரும்ப அனுப்பினால், முயற்சிகள் மிகுந்துவிட்டன என்று சேவை சிறிது நேரம் கதவடைத்துவிடும். அந்த நேரத்தில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் ஏற்கப்படாமல் போகலாம். எனவே இரண்டாவது முறை மறுப்பு வந்ததுமே கையை எடுத்துவிட்டு மேலே சொன்னவற்றைச் சரிபார்ப்பதே விவேகம்.

அறிகுறி: ஆறு இலக்கக் குறியீடு ஏற்கப்படவில்லை, அல்லது வரவேயில்லை

கடவுச்சொல்லுக்குப் பின் இரண்டாம் சான்றாகக் கேட்கப்படும், கைபேசியின் அத்தென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்கக் குறியீடு, ஒரு ரகசியத் திறவுகோலையும் அந்த நேரத்துக் கடிகாரத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. 2011இல் வெளியான தரநிலையின்படி அது வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை மாறுகிறது. சேவையகமும் அதே கணக்கைத் தன் கடிகாரத்தைக் கொண்டு போட்டுப் பார்க்கிறது. சற்றே முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளும். சில நிமிடங்கள் விலகினால் எத்தனை முறை தட்டினாலும் ஏற்காது. இங்கே பலரும் கணினியின் கடிகாரத்தைத் திருத்தப் போகிறார்கள். குறியீட்டைக் கணக்கிடுவது கைபேசி என்பதால், முதலில் திருத்த வேண்டியது கைபேசியின் கடிகாரத்தைத்தான். தேதி, நேரத்தைத் தானாக அமைக்கும் தெரிவை அதில் இயக்குங்கள். கடவுச்சொல் மேலாளர் மென்பொருளைக் கொண்டு கணினியிலேயே குறியீடு எடுப்பவர்களுக்கு மட்டுமே கணினிக் கடிகாரம் இங்கே பொருட்டாகும்.

குறுஞ்செய்தி வரவில்லை என்றால், கணக்கில் பதிந்திருப்பது இன்றைய எண்தானா என்று பாருங்கள். திரையில் கடைசி இரண்டு இலக்கங்கள் காட்டப்படும். எண் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், அண்மையில் சிம் கார்டை மாற்றினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். சிம் மோசடியைத் தடுப்பதற்காக, மாற்று சிம் இயங்கத் தொடங்கிய பின் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்திகளை நிறுத்தி வைக்குமாறு இந்தியத் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. தொலைபேசி அழைப்பு வருகிறது, குறுஞ்செய்தி மட்டும் வரவில்லை என்றால் இதுவாக இருக்கக்கூடும். மறுநாள் வரை பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. நெடுநாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண்ணே கணக்கில் இருந்தால் நிலைமை மோசம், ஏனென்றால் அந்த எண் இதற்குள் வேறொருவருக்குத் தரப்பட்டிருக்கலாம்.

கூகுள் கணக்கில், முன்பே எடுத்து வைத்திருந்தால், எட்டு இலக்கக் காப்புக் குறியீடுகள் பத்து இருக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே செல்லும். வேறொரு கருவியில் ஏற்கெனவே உள்நுழைந்திருந்தால், அதிலிருந்தே புதிய பத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: சான்றிதழ் எச்சரிக்கை, அல்லது எல்லாத் தளங்களிலும் “இணைப்பு பாதுகாப்பானதல்ல”

இது மேசைக் கணினிகளுக்கே உரிய நோய் என்று சொல்லலாம். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரம் ஓடுவதற்காக மதர்போர்டில் நாணய வடிவில் சிறு பேட்டரி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான போர்டுகளில் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் வகை. அது தீர்ந்துபோனால், சுவிட்சை அணைத்துவிட்டு மறுநாள் போடும்போது கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி தன்னை 2015இல் இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ்களின் தொடக்க நாளே இன்னும் வரவில்லை என்று முடிவு கட்டி, எல்லா இணைப்புகளையும் மறுத்துவிடும். உலாவியாவது காரணத்தை ஓரளவு சொல்லும். ஒன்டிரைவும் கூகுள் டிரைவும் “இணைக்க முடியவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

அமைப்புகளில் நேரமும் மொழியும் என்ற பிரிவுக்குச் சென்று “சிங்க் நவ்” பொத்தானை அழுத்தினால் பொதுவாகத் திருந்திவிடும். ஆனால் நிறுவன வலையமைப்பில் சேராத தனிக் கணினியில், கடிகாரம் 15 மணி நேரத்துக்கு மேல் விலகியிருந்தால், இயல்பான அமைப்பில் விண்டோஸ் தானாகத் திருத்த மறுக்கும். அப்போது தேதியையும் நேரத்தையும் முதலில் கையால் சரியாக அமைத்துவிட்டு, அதன் பிறகு அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். மறுநாள் காலையில் தேதி மறுபடி பின்னோக்கிப் போயிருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். விலை மிகக் குறைவு, கழற்றி மாட்டுவதும் எளிது.

நேரம் சரியாகத் தெரிந்தும் கணினி தவறான நேரத்தில் இருக்கும் நிலையும் உண்டு. விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது நேர மண்டலம் அமெரிக்க பசிபிக் நேரத்தில் நின்றிருக்க, மண்டலத்தை மாற்றாமல் கடிகார முள்ளை மட்டும் இந்திய நேரத்துக்குத் திருகிவிடுகிறார்கள். திரையில் நேரம் சரியாகத் தெரியும். உலகப் பொது நேரத்தின்படி கணினி அரை நாளுக்கும் மேல் முன்னே ஓடிக்கொண்டிருக்கும். மண்டலத்தில் இந்திய நேரம், அதாவது 5:30 கூட்டல், தெரிவாகியிருக்கிறதா என்பதைத் தனியே பாருங்கள். ஒரே கணினியில் லினக்ஸும் விண்டோஸும் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு குழப்பம்: லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்ததும் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் காரணம் இதுதான். லினக்ஸில் உள்ளூர் நேரத்தையே எழுதுமாறு அமைத்துவிட்டால் தீரும்.

அறிகுறி: உலாவியில் திறக்கிறது, செயலியில் திறக்கவில்லை

கூகுள் டிரைவ் செயலி தனக்குள்ளே கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. அது கணினியின் இயல்பு உலாவியைத் திறந்து அங்கே உங்களை உள்நுழையச் சொல்கிறது. நீங்கள் ஒப்புதல் தந்ததும், உலாவி அந்த ஒப்புதலைக் கணினியின் உள்முகவரியான 127.0.0.1 வழியாகச் செயலியிடம் சேர்ப்பிக்கிறது. உலாவியில் “உள்நுழைந்துவிட்டீர்கள்” என்று வந்த பிறகும் செயலி காத்துக்கொண்டே இருக்கிறது என்றால், இந்தக் கடைசி ஒப்படைப்பில்தான் தடை ஏற்பட்டிருக்கிறது. விபிஎன், வைரஸ் தடுப்பு மென்பொருளின் இணையக் காவல், விளம்பரத் தடுப்பு நீட்டிப்பு, உள்முகவரிகளையும் வெளியே அனுப்பும் ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை இடைநின்று கடத்தும் சேவையகம்) அமைப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். இயல்பு உலாவியை மாற்றிவிட்டு முயல்வதே பெரும்பாலும் மிக விரைவான தீர்வாக அமைகிறது.

ஒன்டிரைவில், கடவுச்சொல்லைக் கொடுத்ததும் அதே உள்நுழைவுச் சாளரம் மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தால், விண்டோஸ் சேமித்து வைத்துள்ள பழைய அடையாளச் சான்று பழுதாகியிருக்கும். கண்ட்ரோல் பேனலில் பயனர் கணக்குகள் பிரிவில் “கிரெடென்ஷியல் மேனேஜர்” உள்ளது. ஒன்டிரைவை மூடிவிட்டு, அதில் விண்டோஸ் சான்றுகள் என்ற பகுதியில் ஒன்டிரைவ் என்று தொடங்கும் பதிவை மட்டும் நீக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அங்கே உள்ள மற்றவை வேறு மென்பொருள்களுக்கும் வலையமைப்பு டிரைவுகளுக்கும் உரியவை. எல்லாவற்றையும் துடைப்பது புதிய தொல்லைகளை வரவழைக்கும்.

அதுவும் பயன் தராவிட்டால், ஒன்டிரைவ் அமைப்புகளில் கணக்குப் பகுதியில் உள்ள “அன்லிங்க் திஸ் பிசி” என்பதைப் பயன்படுத்தலாம். பெயர் அச்சமூட்டினாலும், கணினியில் இறங்கியுள்ள கோப்புகளை அது அழிப்பதில்லை. நீல மேகக் குறியுள்ளவை மட்டும் கோப்புறையிலிருந்து மறையும். இணையத்தில் அவை அப்படியே இருக்கும். மறுபடி உள்நுழையும்போது, கோப்புறை ஏற்கெனவே உள்ளது என்று ஒன்டிரைவ் சொல்லும். அதே கோப்புறையைப் பயன்படுத்து என்ற தெரிவையே அழுத்த வேண்டும். வேறு இடத்தைக் காட்டினால், எல்லாமே மறுபடி இறங்கி, ஒவ்வொரு கோப்புக்கும் இரட்டைகள் உண்டாகும். அந்தக் குவியலைப் பிறகு பிரித்தெடுப்பது, உள்நுழைவுச் சிக்கலைவிடப் பெரிய வேலை.

பிழைக்குறியீடு தெரிந்தால் அதன் கடைசி எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்டிரைவின் உள்நுழைவுப் பிழைகள் பலவும் 8004 என்ற எண்ணோடு வருபவை. வேறுபடுவது வால் பகுதிதான். டிஇ40 (DE40) என்று முடிந்தால் இணைப்புச் சிக்கல். டிஇ85 அல்லது டிஇ8ஏ என்று முடிந்தால் செயலியில் ஒரு கணக்கும் விண்டோஸில் வேறொரு கணக்குமாக முரண்பட்டிருக்கிறது, அல்லது கணக்கு விடுபட்டிருக்கிறது. டிஇ90 என்றால் முதல்முறை அமைப்பு பாதியில் நின்றிருக்கிறது. டிஇஎஃப்7 என்றால் சேமிப்பிடம் வரம்பைத் தாண்டியதாலோ வேறு காரணத்தாலோ கணக்கே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இதற்குக் கணினியில் செய்யத்தக்கது எதுவுமில்லை, இணையதளத்தில் நுழைந்து இடத்தைக் காலி செய்யவோ கூடுதல் இடம் வாங்கவோ வேண்டும்.

உள்நுழைவுச் சாளரம் வெறும் வெள்ளையாகவே நின்றால், அந்தச் சாளரத்தை வரைந்து காட்டும் எட்ஜ் வெப்வியூ2 ரன்டைம் பழுதாகியிருக்கலாம். நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலில் அதைக் கண்டுபிடித்து, மாற்றியமைக்கும் தெரிவின் கீழ் “ரிப்பேர்” என்பதை அழுத்தினால் போதும்.

அறிகுறி: இணையம் ஓடுகிறது, செயலி மட்டும் “இணைப்பு இல்லை” என்கிறது

டெதரிங் சோதனையில் கணக்கு திறந்துவிட்டது என்றால், ரவுட்டரின் பெற்றோர் கட்டுப்பாடு, அலுவலகத்தின் ப்ராக்ஸி, மாற்றி அமைத்த டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். முன்பு அலுவலகத்தில் பயன்படுத்திய கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால், அமைப்புகளில் ப்ராக்ஸி பகுதியில் பழைய முகவரி இன்னும் நின்றிருக்கும், அதை அணைத்துவிடுங்கள்.

டெதரிங்கிலும் திறக்காவிட்டால் டிஎல்எஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். கணினிக்கும் சேவைக்கும் இடையே செல்லும் தரவை மறையாக்கும் நெறிமுறை அது, பழைய 1.0, 1.1 பதிப்புகளை இன்றைய சேவைகள் ஏற்பதில்லை. கண்ட்ரோல் பேனலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸைத் திறந்து, கடைசித் தாவலான அட்வான்ஸ்டு பட்டியலின் அடிப்பகுதியில் டிஎல்எஸ் 1.2 தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தமக்கென்று தனி அமைப்பை வைத்திருப்பதால் அவற்றில் எல்லாத் தளங்களும் திறக்கும். விண்டோஸின் அமைப்பை நம்பியிருக்கும் செயலிகள் மட்டும் முடங்கும். இணையம் ஓடுகிறதே என்ற குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

விண்டோஸ் 7 அல்லது 8.1 உள்ள கணினியில் இவ்வளவும் தேவையில்லை. தனிப்பட்ட கணக்குகளுக்கான ஒன்டிரைவ் செயலி அப்பதிப்புகளில் 2022 மார்ச் 1 முதல் ஒத்திசைவை நிறுத்திவிட்டது. கூகுளின் பழைய “பேக்கப் அண்ட் சிங்க்” செயலியும் 2021 அக்டோபரோடு முடிந்துபோனது. அந்தக் கணினிகளில் உலாவி வழியாகக் கோப்புகளை எடுக்க முயலலாம். செயலியைச் சரிசெய்ய மெனக்கெடுவது வீண்.

அறிகுறி: உள்நுழைந்தாயிற்று, கோப்புகளைக் காணவில்லை

பதற்றத்தோடு வருபவர்களில் கணிசமானோருக்குக் கோப்புகள் எங்கும் போயிருக்காது. அவர்கள் வேறு கணக்கில் நுழைந்திருப்பார்கள். மைக்ரோசாஃப்டில் ஒரே மின்னஞ்சல் முகவரியில் தனிப்பட்ட கணக்கு ஒன்றும், பணியிடமோ கல்வி நிறுவனமோ தந்த கணக்கு ஒன்றும் இருக்க முடியும். இரண்டுக்கும் கடவுச்சொல் வேறு, சேமிப்பிடம் வேறு. எந்தக் கணக்கு என்று கேட்கும் திரையில் அவசரமாக முதலாவதைச் சொடுக்கினால், காலியான கோப்புறை கண்முன் விரியும். 2016 முதல் நிறுவன முகவரியில் புதிய தனிப்பட்ட கணக்கு தொடங்குவதை மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டது; ஆனால் அதற்கு முன் தொடங்கியவை இன்னும் இருக்கின்றன.

வீட்டுக் கணினியில் அலுவலகக் கணக்கைச் சேர்க்கும்போது, “இந்தச் சாதனத்தை என் நிறுவனம் நிர்வகிக்கலாம்” என்ற பெட்டியில் டிக் இருப்பதைக் கவனிக்காமல் சரி என்று அழுத்திவிடுவதும் இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. அதன் பிறகு விண்டோஸ், கேட்காமலேயே அலுவலகக் கணக்கை முன்னிறுத்தத் தொடங்கும். அமைப்புகளில் கணக்குகள் பகுதியில் “ஆக்ஸஸ் ஒர்க் ஆர் ஸ்கூல்” என்பதைத் திறந்தால், எந்த நிறுவனம் இணைந்திருக்கிறது என்பது தெரியும், அங்கேயே துண்டிக்கலாம். வேலையை விட்டு வெகுநாள் ஆன பின்னும் பழைய நிறுவனத்தின் பெயர் அங்கே நிற்பது அரிதல்ல. கூகுளிலும் ஒரே உலாவியில் பல கணக்குகள் திறந்திருக்கும்போது, செயலிக்கு ஒப்புதல் தரும் திரையில் எந்த முகவரி காட்டப்படுகிறது என்பதை ஒருமுறை படித்துவிட்டு அழுத்துங்கள்.

அறிகுறி: மதர்போர்டு மாற்றிய பின், அல்லது பயாஸ் புதுப்பித்த பின் 80090016

அலுவலகக் கணக்குகளின் அடையாளச் சான்றுகளை விண்டோஸ் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் பூட்டி வைக்கிறது. மதர்போர்டை மாற்றினாலோ, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் அந்தச் சில்லைத் துடைத்தாலோ, பூட்டு இருக்கும், திறவுகோல் இருக்காது. ஒன்டிரைவும் டீம்ஸும் டிபிஎம் பழுதாகிவிட்டது என்ற செய்தியோடு 80090016 என்ற எண்ணைக் காட்டும். சில் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். மேலே சொன்ன “ஆக்ஸஸ் ஒர்க் ஆர் ஸ்கூல்” பகுதியில் கணக்கைத் துண்டித்து, மறுதொடக்கம் செய்து, மறுபடி இணைத்தால் புதிய சில்லில் புதிய திறவுகோல் உருவாகும். பின் எண்ணும் செல்லாது போயிருந்தால், கடவுச்சொல்லைக் கொண்டு புதிதாக அமைக்க வேண்டும்.

“டிபிஎம்மை கிளியர் செய்யுங்கள்” என்ற அறிவுரையை மட்டும் உடனே பின்பற்றாதீர்கள். டிரைவில் பிட்லாக்கர் மறையாக்கம் இயங்கினால், சில்லைத் துடைத்த மறுகணம் கணினி 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்த கணினிகள் பலவற்றில் அந்த மறையாக்கம் உரிமையாளருக்குத் தெரியாமலேயே இயங்குகிறது. அந்தத் திறவுகோல் சேமிக்கப்பட்டிருப்பதோ, எந்தக் கணக்கில் நுழைய முடியாமல் தவிக்கிறீர்களோ அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில். கைபேசி உலாவியில் கணக்கைத் திறக்க முடிகிறபோதே திறவுகோலைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணினியைப் பழுதுபார்க்கும் கடையில் கொடுக்கும் முன்பும் இதைச் செய்வது நல்லது.

அறிகுறி: கணக்கே பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது மீட்பு வழிகள் கைவிட்டுப்போயின

முதலில் செய்யக்கூடாதவை. “வாடிக்கையாளர் சேவை எண்” என்று தேடி, கிடைக்கும் கைபேசி எண்ணுக்கு அழைக்கக்கூடாது. அவற்றில் பல மோசடிக்காரர்களால் இடப்பட்டவை. உங்கள் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் செயலியை நிறுவச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். மற்றொன்று, கணினியை ஃபார்மட் செய்யக்கூடாது. மீட்பின்போது கூகுள், வழக்கமான கருவியிலிருந்தும் வழக்கமான இடத்திலிருந்தும் முயலுமாறு அறிவுறுத்துகிறது. நீங்கள் நெடுநாள் பயன்படுத்திய உலாவியே உங்களுக்கு ஆதரவான சாட்சி. ஃபார்மட் செய்தால் அது அழிந்துவிடும்.

மைக்ரோசாஃப்டில் கடவுச்சொல் நினைவிருந்து, தொலைபேசி எண்ணும் மாற்று மின்னஞ்சலும் மட்டும் பயன்பாட்டில் இல்லை என்றால், எல்லாவற்றையும் புதியவற்றால் மாற்றக் கோரலாம். அதற்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். திருடன் கோரியிருந்தால் உண்மையான உரிமையாளர் தடுப்பதற்கென்றே அந்த இடைவெளி வைக்கப்பட்டுள்ளது. அதைச் சுருக்க யாராலும் முடியாது, முடியும் என்று சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். கடவுச்சொல்லும் மறந்திருந்தால் மீட்புப் படிவத்தை நிரப்பலாம். ஒரு நாளில் இரண்டு முறை வரை அனுப்ப அனுமதி உண்டு. பழைய கடவுச்சொற்கள், அண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்களின் தலைப்புகள் ஆகியவற்றை முன்கூட்டியே திரட்டிக்கொண்டு, கணக்கைப் பயன்படுத்திவந்த அதே கணினியிலிருந்து ஒரே முறை நிறைவாக நிரப்புவது, அரைகுறையாகப் பலமுறை அனுப்புவதைவிட மேல். கடவுச்சொல்லோடு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பு இயங்கும் கணக்குகளுக்கு இந்தப் படிவம் செல்லாது. அங்கே பயன்படுவது முன்பே எடுத்து வைத்த 25 எழுத்து மீட்புக் குறியீடுதான். அதை இன்னும் எடுக்காதவர்கள், கணக்கு திறந்திருக்கும்போதே பாதுகாப்புப் பக்கத்தின் கூடுதல் தெரிவுகளுக்குச் சென்று எடுத்து, கணினியில் அல்லாமல் தாளில் அச்சிட்டு வைக்கலாம்.